இந்தியாவில் பதிப்புரிமைக் காலம்

பதிப்புரிமைக் காலம் என்பது ஒரு படைப்பைப் படியெடுக்கவும், வெளியிடவும், நிகழ்த்தவும் அதன் உரிமையாளருக்கு மட்டும் சட்டம் அளிக்கும் உரிமை நீடிக்கும் காலம் ஆகும். இக்காலம் முடிந்ததும் படைப்பு பொது உரிமைப் பரப்பை அடைகிறது. (காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கானது. இரண்டும் அடிக்கடி குழப்பிக் கொள்ளப்படுகின்றன.)

இந்தியாவில் இலக்கியம், இசை போன்றவற்றுக்கு இக்காலம் ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் ஆகும். இறந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி முதல் நாளிலிருந்து இது கணக்கிடப்படும். திரைப்படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள்.

== பாரதியார் பாடல்கள் ==

பாரதியார் 1921 இல் இறந்தார். அன்றைய சட்டப்படி அவரது படைப்புகளின் உரிமை 1971 வரை நீடித்திருக்க வேண்டும். ஆனால் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை குடும்பத்தாரிடமிருந்து வணிகர் ஒருவருக்கும், 1940களில் அவரிடமிருந்து ஏ. வி. மெய்யப்பச் செட்டியாருக்கும் கைமாறியது. விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாடலைத் திரைப்படத்தில் சேர்க்க ஒரு பட நிறுவனத்தின் இசைவு தேவைப்பட்டது. 1948 இல் வெளிவந்த பில்கணன் படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்திய டி. கே. எஸ். சகோதரர்களுடன் இதனால் பிணக்கு மூண்டது. பாரதியை நாட்டுடைமையாக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1949 இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. செட்டியார் தம் உரிமையை விலையின்றி அளித்தார். குடும்பத்தாருக்கு அரசு பணம் வழங்கியது. பின்னர் அவ்வுரிமை மக்களுக்கு விடப்பட்டது. தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியதற்கு இதுவே முன்னோடி.

== 50 இலிருந்து 60 ==

1957 ஆம் ஆண்டுச் சட்டம் இறப்புக்குப் பின் 50 ஆண்டுகளை வரையறுத்தது. பெர்ன் உடன்படிக்கை கோரும் குறைந்த அளவும் அதுவே. 1941 இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 1991 டிசம்பர் 31 உடன் பொதுவுடைமையாக இருந்தன. உரிமையை வைத்திருந்த விசுவபாரதி பல்கலைக்கழகம் நீட்டிப்பை நாடியது. 1992 திருத்தச் சட்டம் 1991 டிசம்பர் 28 முதல் செல்லுபடியாகும் வகையில் 10 ஆண்டுகளைக் கூட்டியது. ஒரு நிறுவனத்துக்காக எழுந்த இந்நீட்டிப்பு, உரிமை முடியாதிருந்த எல்லா எழுத்தாளர்களுக்கும் பொருந்தியது. காந்தியின் எழுத்துகளும் 1998 க்குப் பதிலாக 2008 இறுதியிலேயே விடுபட்டன.

== அமெரிக்கா ==

அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனப் படைப்புகளுக்கான காலத்தை 75 இலிருந்து 95 ஆண்டுகளாக்கியது. இதற்கு ஆதரவு திரட்டியவற்றுள் வால்ட் டிசுனி நிறுவனம் ஒன்று. எனவே எதிர்ப்பாளர்கள் இதை மிக்கி மவுஸ் சட்டம் என்று கேலி செய்தனர். 1928 இல் வெளிவந்த முதல் மிக்கி மவுஸ் படங்களுள் ஒன்றான ஸ்டீம்போட் வில்லி 2024 சனவரி 1 அன்றே பொதுவுடைமையானது. காலநீட்டிப்பு புதிய படைப்பை ஊக்குவிக்கும் என்ற வாதம், ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டவற்றுக்குப் பொருந்துவதில்லை. எனினும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2003 இல் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.