ஆவாரையும் நீரிழிவும்

செட்டிநாட்டுச் செம்மண் மேடுகளில், பிற செடிகள் வாடும் வறட்சியிலும், ஆவாரை பொன்னிறப் பூக்களோடு நிற்கும். சங்கப் புலவர் ஆவிரை என்றது இதனையே. மடலூர்வான் தன் பனைமாவிற்குச் சூட்டும் மாலையில் இப்பூ இருந்ததைக் குறுந்தொகையால் அறிகிறோம். இப்பூவையே இன்று நீரிழிவுடையார் உலர்த்திக் கொதிநீரிலிட்டுப் பருகுகின்றனர். ஆவாரை பூத்த இடத்தில் சாவில்லை என்னும் கருத்துடைய பழமொழியும் அவர்க்குத் துணைநிற்கிறது. இம்மரபு எத்துணைச் சான்றுடையது என்பதை ஈண்டு ஆராயப் புகுவோம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். நீரிழிவு என்பது நீர் மிகுதியாக இழிதல். கண்ணாற் கண்ட குறி பற்றி வந்த பெயர். இன்று மருத்துவர் அளப்பதோ குருதியிலுள்ள குளூக்கோசு. நீர்மிகுதி வேறு நோய்களிலும் தோன்றுமாதலின், பழஞ்சுவடி நீரிழிவுக்கு ஒரு மூலிகையைக் கூறியதுகொண்டு அது குருதிச் சர்க்கரையைக் குறைக்கும் எனத் துணிதல் இயலாது.

சிறுகுறிஞ்சானுக்கு வழங்கும் சர்க்கரைக்கொல்லி என்னும் பெயர் இன்னும் ஏமாற்றுவது. அதன் இலையை மென்றபின் சர்க்கரையை உண்டால் மணலை மென்றாற்போல் இருக்கும். நாவின் இனிப்புணர்வைத் தடுக்கும் ஜிம்னெமிக் அமிலத்தை 1887இல் உதகமண்டலத்தில் ஊப்பர் என்பார் ஆராய்ந்து வெளியிட்டார். வெல்லக்கொல்லி என்னும் பொருளில் இந்தியிலும் அதற்குப் பெயருண்டு. எனவே இது நாவிற் பிறந்த பெயர் எனக் கொள்வதே பொருந்தும், நோயிற் பிறந்ததன்று.

பெயர் காட்டாததைச் சோதனை காட்டவேண்டும். கானாடுகாத்தானிற் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்திலேயே ஆவாரைக்கு அச்சோதனை நிகழ்ந்தமை மகிழ்ச்சிக்குரியது. 2002இல் அதன் உயிர்வேதியியல் துறையினர் வெளியிட்ட ஆய்வு அது. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் மருந்து கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பது. அதனால் நீரிழிவுற்ற எலிகளுக்குப் பூவை நீரில் வடித்தெடுத்த சாற்றினை 30 நாள் ஊட்டினர். உடலெடை கிலோவுக்கு 0.15, 0.30, 0.45 கிராம் என மூவளவு கொடுத்ததில், 0.45 கிராம் சர்க்கரையை நன்கு குறைத்தது. கிளிபென்கிளமைடு என்னும் வழக்கிலுள்ள மருந்தோடும் அது ஒப்பிடப்பெற்றது.

இவ்வளவை 60 கிலோ எடையுள்ள மனிதர்க்கு நேரே பெருக்கின் 27 கிராம் ஆகும். அவ்வாறு பெருக்குதல் பிழை. உடற்பரப்பு நோக்கிக் கணக்கிடின் ஏறத்தாழ நாலரைக் கிராமே வரும். அதுவும் சாற்றின் அளவு. காய்ந்த பூவின் அளவன்று. எலிக்குப் பயன்பட்டது மனிதர்க்குப் பயன்படும் என்பதும் தனியே நிறுவற்பாலது.

மனிதரிடம் நிகழ்ந்த ஆய்வுக்குச் சிறுகுறிஞ்சானையே காட்டலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1990இல் வெளியிட்டதில், இரண்டாம் வகை நீரிழிவுடைய 22 பேர் தம் வழக்கமான மருந்தோடு இவ்விலைச் சாறு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 திங்கள் உட்கொண்டனர். ஐவர் பழைய மருந்தை விடமுடிந்தது. நம்பிக்கை தருவதே, ஆயினும் நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து, ஒரு சாரார்க்கு வெற்று மருந்து தந்து ஒப்பிட்ட ஆய்வன்று. இதனைக் காட்டி முதல்வகை நீரிழிவுடையார் இன்சுலினைக் கைவிடின் உயிர்க்கே இறுதியாம். மாத்திரையோடு தாமாகச் சேர்த்துண்பார்க்குச் சர்க்கரை அளவிறந்து தாழ்தலும் கூடும்.

தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன பணி எனின், ஆவாரைக் குடிநீரையே காண்க. அதிற் கொன்றை, மருது, நாவல், கடலழிஞ்சில் முதலியனவும் சேரும்; பூவைமட்டும் சோதித்தல் அக்குடிநீரைச் சோதித்ததாகாது. இன்ன உறுப்பு, இன்ன அளவு, இன்ன பக்குவம் என்பனவற்றைச் சோதனையாளர்க்குத் தரவேண்டியது சுவடிப் பதிப்பே. குறிஞ்சான் என வாளா நின்றவிடத்துச் சிறுகுறிஞ்சானா, வேறு செடியாகிய பெருங்குறிஞ்சானா எனப் பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கித் துணிந்தபின்னரே இலையைப் பறித்தல் வேண்டும்.