பூட்டாத சிறையின் கணக்கு

1975-ல் வந்த ‘பல்லாண்டு வாழ்க’ படத்தில் எம்.ஜி.ஆர். ஆறு கொலைக் கைதிகளைச் சிறைக்கு வெளியே அழைத்துப்போய், மண்ணில் பாடுபடவைத்து மனம் திருத்துவார். சாந்தாராம் 1957-ல் எடுத்த ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ என்ற இந்திப் படத்தின் தழுவல் அது. மகாராஷ்டிரத்தின் பழைய ஔந்த் சமஸ்தானத்தில் நடந்த திறந்தவெளிச் சிறைச் சோதனைதான் அந்தக் கதைக்கே வித்து. கைதிகள் திருந்தக் காரணம், அதிகாரியின் கருணை பொங்கும் கண்கள் என்கிறது படம். திரையரங்கில் கைதட்டல் வாங்கித் தரும் விளக்கம்தான். சிறை நிர்வாகத்துக்கோ அது உதவாத பாடம். ஜெயிலுக்கு ஒரு எம்.ஜி.ஆர். கிடைக்கப்போவதில்லை. திருத்தம் என்றாலே நம் மனதில் வருவது நீதிபோதனை, தியான வகுப்பு, நல்ல அதிகாரி. ஆனால் சான்றுகள் காட்டுவது வேறு: தன் அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்தும் பொறுப்பு எவ்வளவு தூரம் கைதியிடம் விடப்படுகிறதோ, அவ்வளவு தூரம்தான் அவர் வெளியே வந்து நிலைப்பார்.

சிறை உளவியல் என்றதும், மாணவர்களைக் காவலராகவும் கைதியாகவும் நடிக்கவைத்த 1971-ன் ஸ்டான்ஃபோர்டு பரிசோதனையை இழுப்பது வழக்கம். காவலராக நடித்த மாணவர்களுக்கு முன்கூட்டியே குறிப்புக் கொடுக்கப்பட்டது தெரியவந்த பிறகு அதன் மதிப்பு மிகவும் குறைந்துவிட்டது; நமக்கு அது தேவையும் இல்லை. நிஜச் சிறைகளைப் பார்த்து எழுதியவர்கள் போதும். டொனால்டு கிளெம்மர் 1940-லேயே சொன்னார்: கைதி நாளடைவில் சிறைக்குள் நிலவும் பழக்கவழக்கங்களை உள்வாங்கி, அந்த உலகத்துக்கே உரியவராகிவிடுகிறார். நியூஜெர்சி மாநிலச் சிறையை ஆராய்ந்து 1958-ல் நூல் எழுதிய கிரெஷாம் சைக்ஸ், சிறை தரும் வலிகளை ஐந்தாகப் பிரித்தார். சுதந்திர இழப்பு, பொருள் இழப்பு, துணையின் பிரிவு, பாதுகாப்பின்மை ஆகியவற்றோடு அவர் சேர்த்தது, தன் விஷயத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையின் இழப்பு. எப்போது எழுவது, எதைச் சாப்பிடுவது, எந்த நாளில் மனு பார்ப்பது, அதாவது உறவினரைச் சந்திப்பது, என எல்லாம் பிறர் கையில். வளர்ந்த மனிதர் சிறுபிள்ளையின் நிலைக்குத் தள்ளப்படுகிறார். பத்து வருடம் ஒரு கதவைக்கூடத் தானாகத் திறக்காதவரை ஒரு காலையில் வாசலில் விட்டு, வாடகை வீடு பிடி, வேலை தேடு, கோபத்தை அடக்கு என்கிறோம்.

விளைவு என்ன? அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 2005-ல் விடுதலையானவர்களை அந்நாட்டு நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு பின்தொடர்ந்தது. மூன்றாண்டுக்குள் சுமார் 68 சதவீதம் பேர் மீண்டும் கைதானார்கள்; ஐந்தாண்டில் அது 77. பழி முழுவதையும் சிறைமேல் போட முடியாது. வறுமை, போதை, வேலை தர மறுக்கும் முதலாளி என்று பலவும் இதில் உண்டு. ஆனால் அச்சமும் தனிமையும் ஆளைத் திருத்திவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் துணை நிற்கவில்லை.

இதற்கு மாறான வழியும் இருக்கிறது. ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் 1963 முதல் ஒரு திறந்தவெளிச் சிறை நடக்கிறது. அன்றைய ராஜஸ்தான் ஆளுநர் சம்பூர்ணானந்தின் பெயர் தாங்கியது. தண்டனையில் ஒரு பகுதியை மூடிய சிறையில் கழித்தவர்கள் இங்கே வருகிறார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களும் உண்டு. மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள். காலையில் ஆஜர் கொடுத்துவிட்டு நகரத்துக்கு வேலைக்குப் போய், மாலை ஆஜருக்குத் திரும்புகிறார்கள். அரசு சோறு போடுவதில்லை. சம்பாதித்தால்தான் அடுப்பெரியும். அன்றாட விவகாரங்களைக் கவனிக்கக் கைதிகளின் பஞ்சாயத்து இருக்கிறது. நோய்க்கு மருந்து, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், முதலாளியோடு தகராறு என வெளியே காத்திருக்கும் சங்கடங்கள் அத்தனையும் தண்டனைக் காலத்திலேயே வந்துவிடுகின்றன. தப்பி ஓடினால் இழக்க ஒரு குடும்பமும் ஒரு வேலையும் இருக்கின்றன. மதில் செய்யும் காவலை இவை செய்கின்றன.

நல்லவர்களாகப் பொறுக்கி எடுத்து அனுப்பினால் நல்ல முடிவு வராமல் என்ன செய்யும் என்று கேட்கலாம். சரியான கேள்விதான்; சாங்கானேரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இத்தாலியில், மிலான் அருகே பொல்லாத்தே என்ற திறந்த முறைச் சிறை இருக்கிறது. மற்ற சிறைகளில் நெரிசல் தாங்காமல், தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படாத கைதிகளும் அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களைத் தனியே பிரித்துப் பார்த்து மாஸ்ட்ரோபுவோனி, டெர்லிட்ஸேஸே என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். மூடிய சிறையில் ஓராண்டைக் குறைத்து இங்கே ஓராண்டு கூடுதலாக இருந்தவர்கள் மீண்டும் குற்றம் செய்வது சுமார் 6 சதவீதப் புள்ளி குறைந்தது. பெரிய எண் அல்ல. அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை வருகிறது. அடித்துச் சொல்லும் முடிவுகளை நம்பி ஏமாந்த கதை ஒன்று உண்டு. கைதிகளைத் திருத்தும் திட்டங்களைப் பற்றி 1974-ல் ராபர்ட் மார்ட்டின்சன் எழுதிய கட்டுரை ‘எதுவும் பலிக்காது’ என்ற கோஷமாகி அமெரிக்கச் சிறைக் கொள்கையையே திருப்பியது. 1979-ல் அவரே அந்த முடிவைத் திரும்பப் பெற்றார். முதல் கட்டுரைக்குக் கிடைத்த விளம்பரம் அதற்குக் கிடைக்கவில்லை.

கொலையுண்டவரின் குடும்பத்துக்கு என்ன பதில் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். கொன்றவர் பெண்டாட்டி பிள்ளையோடு வாழ்வதைப் பார்க்கும் வேதனையை எந்தப் புள்ளிவிவரமும் ஆற்றாது. அதனால்தான் முதல் ஆண்டுகளை மூடிய சிறையில் கழித்தே ஆகவேண்டும் என்ற விதியை நான் ஏற்கிறேன். ஆனால் பெரும்பாலான கைதிகள் ஒருநாள் வெளியே வரத்தான் போகிறார்கள். எப்படிப்பட்டவர்களாக வருகிறார்கள் என்பதில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் அக்கறை உண்டு.

தமிழ்நாட்டிலும், கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பிலும் திறந்தவெளிச் சிறைகள் இருக்கின்றன. புழல், வேலூர் போன்ற ஊர்களில் கைதிகள் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறார்கள். பொதுமக்களும் தயக்கமின்றி வண்டியை நிறுத்துகிறார்கள். இவை நல்ல தொடக்கம். ஆனால் வேலையைத் தேர்ந்தெடுப்பதும் கூலியை நிர்ணயிப்பதும் இன்னும் அரசுத் தரப்புதான். குடும்பம் மனு பார்க்கும் தூரத்திலேயே நிற்கிறது.

இந்த வாதத்துக்கு எட்டாத பெருங்கூட்டம் ஒன்றும் உண்டு. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். சிறைகள் தம் கொள்ளளவில் 131 சதவீதம் நிரம்பியிருந்தன. குற்றம் நிரூபணமாகாதவரிடம் போய்த் திருந்து என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஜாமீன். இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்க, சில விலக்குகளோடு, 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு வழி செய்கிறது. அவரைக் கணக்கெடுத்து நீதிமன்றத்துக்கு எழுதவேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. நெரிசல் குறையாத சிறையில் யாரை எந்தக் கட்டத்தில் திறந்த முகாமுக்கு அனுப்பலாம் என்று ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்க அவருக்கு நேரமே கிடைக்காது.