நடக்காத சண்டைகளின் எடை

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தறிக்கூடம். பாவு வரத் தாமதமானால் தறி நிற்கும். தறி நின்றால் பேச்சு ஓடும். 2021இல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபிறகு அந்தப் பேச்சு குத்துச்சண்டைப் பக்கம் திரும்பிவிட்டது. கோர்வைக்குத் துணையாக உட்காரும் பையன் ஒருவன் செல்போனில் பழைய சண்டைகளைத் தேடித்தேடிப் பார்க்கிறான். ஒருநாள் கேட்டான்: "அண்ணா, வில்லி பெப்பும் சல்வடோர் சான்செஸும் மோதியிருந்தா யாரு ஜெயிச்சிருப்பாங்க?" நான் பெப் என்றேன். அவன் சான்செஸ் என்றான். அரைமணி நேரத்தில் தறிக்கூடம் இரண்டு கட்சியாகிவிட்டது.

இரண்டு பேருமே ஃபெதர்வெயிட் உலகச் சாம்பியன்கள். பெப் 1940களின் ஆள், சான்செஸ் 1980களின் ஆள். இருவரும் சந்தித்திருக்கவே முடியாது. அப்புறம் நான் ஏன் அவ்வளவு உறுதியாகப் பதில் சொன்னேன்? வீட்டுக்கு வந்தும் இந்தக் கேள்வி விடவில்லை. சிறுபத்திரிகை வாசகர்கள் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். விளையாட்டில் என்ன அரசியல் என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

ஃபெதர்வெயிட் என்றால் இறகு எடை. மேல் எல்லை 126 பவுண்டு, அதாவது 57.15 கிலோ. எங்கள் தறிக்கூடத்தில் பாதிப்பேர் அதற்குள் அடங்குவார்கள். பையன்கள் ஹெவிவெயிட்டை விட்டுவிட்டு இந்தப் பிரிவில் வந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையை மறுபடி நிறுத்து வாங்குகிற ஊர் இது. எப்போது நிறுக்கிறார்கள், யார் தராசில் நிறுக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெப் காலத்தில் சண்டை நடக்கும் அன்றைக்கே எடை பார்த்தார்கள். இப்போது முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். உடம்பிலிருக்கிற தண்ணீரை வற்றடித்து 57க்கு இறங்குவது, எடை பார்த்து முடிந்ததும் குடித்துச் சாப்பிட்டு மறுநாள் ஐந்தாறு கிலோ கூடி மேடையேறுவது என்பதெல்லாம் இன்று சாதாரணம். 1890களில் இந்த எல்லையே ஓரிடத்தில் நிற்கவில்லை. 126 என்ற எண் இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. ஆக, 'ஒரே எடைப் பிரிவு' என்று நாம் நம்பிப் பேசுகிற அந்த அடிப்படையே வரலாற்றில் நகர்ந்துகொண்டிருக்கிற ஒன்று. (எங்கள் வாதங்களில் ஆண்கள் பெயர் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. 2025இல் லிவர்பூலில் 57 கிலோ உலகப் பட்டம் வென்றது ஹரியானாவின் ஜாஸ்மின் லம்போரியா என்பதை, தார் சுற்றுகிற அக்காதான் எங்களுக்குச் சொன்னார். அன்றைக்கு அதற்குமேல் யாரும் பேசவில்லை.)

எடையைவிடப் பெரிய சிக்கல் சுற்றுகளின் எண்ணிக்கை. 1982 ஜூலை 21, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். மெக்சிகோவின் சான்செஸை எதிர்த்துக் கானாவின் அசுமா நெல்சன், கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்தவர். அவரை ஒரு பொருட்டாக யாரும் நினைக்கவில்லை. சான்செஸால் அவரைப் பதினைந்தாவது சுற்றில்தான் முடிக்க முடிந்தது. மூன்று வாரம் கழித்து ஆகஸ்ட் 12 அன்று கார் விபத்தில் சான்செஸ் இறந்துபோனார். வயது 23. அதே ஆண்டு நவம்பரில் ஒரு லைட்வெயிட் பட்டச் சண்டையில் ரே மான்சினியிடம் அடிபட்ட கொரியாவின் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்தார். அதன்பிறகே டபிள்யூ.பி.சி. தன் பட்டச் சண்டைகளைப் பன்னிரண்டு சுற்றாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னால் வந்தன. இப்போது யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு சுற்று விதி அன்றைக்கே இருந்திருந்தால் சான்செஸ்-நெல்சன் சண்டை நடுவர்களின் சீட்டில் முடிந்திருக்கும். பதினைந்தாவது சுற்று என்று ஒன்று இருந்திருக்காது. நடந்து முடிந்த சண்டையின் முடிவே விதியைப் பொறுத்தது என்கிறபோது, நடக்காத சண்டையில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்பவன் முதலில் யாருடைய விதியில் என்று சொல்லியாக வேண்டும். பதினைந்து சுற்று, அன்றைக்கே எடை என்றால் நான் பெப் பக்கம். பன்னிரண்டு சுற்று, முந்தின நாள் எடை என்றால் பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விதியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

பெப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பதிலின் வேர் அங்கேதான். 241 சண்டைகளில் 229 வெற்றி. ஒரு குத்துகூட விடாமல் ஒரு சுற்றை ஜெயித்தார் என்று 1946ஆம் ஆண்டுச் சண்டை ஒன்றைப் பற்றி ஒரு கதை உண்டு. அன்றைய பத்திரிகைச் செய்தியோ அந்தச் சுற்றில் குத்துகள் நிறையவே விழுந்ததாகச் சொல்கிறது. கதைதான் ஜெயித்தது. 1947 ஜனவரியில் விமான விபத்தில் முதுகெலும்பும் காலும் முறிந்த மனிதர் அதே ஜூன் மாதம் மேடைக்குத் திரும்பினார். 1948 அக்டோபரில் சாண்டி சாட்லர், ஹார்லெமில் வளர்ந்த கறுப்பின வீரர், அவரை நாலாவது சுற்றில் வீழ்த்தினார். 1949இல் பெப் பதினைந்து சுற்று ஆடிப் பட்டத்தை மீட்டார். 1950, 1951 இரண்டிலும் மறுபடி சாட்லர். நாலில் மூன்று.

இருந்தும் குத்துச்சண்டை எழுத்தில் ஓயாமல் திரும்பி வருகிற கேள்வி ஒன்று உண்டு: விபத்துக்கு முந்தைய பெப், சாட்லரைச் சந்தித்திருந்தால்? கவனியுங்கள், இவர்கள் சந்திக்காதவர்கள் இல்லை. நாலு தடவை நேருக்கு நேர் நின்றவர்கள். விபத்துக்குப் பிறகு, சாட்லரைச் சந்திக்கும் முன் பெப் இருபதுக்கும் மேற்பட்ட சண்டைகளை வரிசையாக ஜெயித்தார். அந்த வெற்றிகளைக் கழிப்பதற்கு யாரும் விபத்தை நினைவுகூர்வதில்லை. சாட்லர் அடித்த பிறகுதான் விபத்து முக்கியமாகிறது. நடந்ததை ஏற்க மனமில்லாத இடத்தில் நடக்காத சண்டை ஒன்று தயாரிக்கப்படுகிறது. மூன்று வெற்றிகள் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்குகின்றன. விபத்து பெப்பை மாற்றவில்லை என்று நான் சொல்லவில்லை, மாற்றியிருக்கும். ஆனால் நான் தறிக்கூடத்தில் பட்டென்று 'பெப்' என்றது இந்தக் கதையாடலின் வழியாகத்தான் என்பது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு வகையும் உண்டு. 1892 செப்டம்பர் 6, நியூ ஆர்லியன்ஸ் ஒலிம்பிக் கிளப். ஃபெதர்வெயிட் சாம்பியன் ஜார்ஜ் டிக்ஸன், கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த கறுப்பர், வெள்ளையரான ஜாக் ஸ்கெல்லியை எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். கறுப்பினப் பார்வையாளர்களுக்கு இருக்கை ஒதுக்கினால்தான் ஆடுவேன் என்று நிபந்தனை போட்டு வந்தவர் அவர். அந்தச் சண்டைக்குப் பிறகு கறுப்பரையும் வெள்ளையரையும் மோதவிடுவதில்லை என்று கிளப் முடிவெடுத்தது. மறுநாள் அதே கிளப்பில் ஹெவிவெயிட் பட்டத்தை இழந்த ஜான் சல்லிவன், கறுப்பர்களோடு மோத மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரர் அவரோடு மோதக் காத்திருந்து காத்திருந்தே போனார். பெப்-சான்செஸ் சண்டையைக் காலம் தடுத்தது. சல்லிவன்-ஜாக்சன் சண்டையை மனிதர்கள் தடுத்தார்கள். இரண்டையும் 'கற்பனை மோதல்' என்று ஒரே பட்டியலில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னதில் 'யார் ஜெயித்திருப்பார்கள்' என்பது இரண்டாம் கேள்விதான்.

இயந்திரத்திடம் கொடுத்தால் நடுநிலை வருமே என்பார்கள். கொடுத்துப் பார்த்தார்கள். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல் பட்டம் பறிக்கப்பட்ட முகமது அலியையும் ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவையும் 1969இல் நடிக்கவைத்துப் படமெடுத்து, கணினி சொன்ன முடிவு என்று 1970 ஜனவரியில் தியேட்டர்களில் காட்டினார்கள். அமெரிக்காவில் பார்த்த படத்தில் மார்சியானோ ஜெயித்தார். அலிக்கு மேடை மறுக்கப்பட்டிருந்த நாட்களில், மேடைக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது ஒரு கற்பனைத் தோல்வி.

அலி 1980இல் மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். வண்ணாரப்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பா போய்ப் பார்த்தவர். ஆனால் அவர் வாய் ஓயாமல் பேசுவது அலியைப் பற்றி அல்ல, வடசென்னையின் ரோஷமான குத்துச்சண்டையைப் பற்றி. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரைகள். துறைமுகத் தொழிலாளிகள், மீனவர்கள், தலித்துகள். அவர் பிறப்பதற்கு முன்னால் ஆடிய கித்தேரி முத்து, ஆங்கிலோ இந்திய வீரர் டெர்ரியோடு மோதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்போல் சொல்வார்.

பையன் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறான். பெயர், எடை, உயரம், கை நீளம், சண்டைகள், வெற்றி என்று கட்டம் கட்டி. பெப், சாட்லர், சான்செஸ், நெல்சன், டிக்ஸன் எல்லோருக்கும் கட்டம் நிரம்பியிருக்கிறது. நூற்று முப்பது வருடத்துக்கு முந்தின டிக்ஸன் எத்தனையாவது சுற்றில் யாரை வீழ்த்தினார் என்பது நம் கைக்கு வந்துவிடுகிறது. அதற்குக் கீழே கித்தேரி முத்து என்று எழுதி, மற்ற கட்டங்களை விட்டுவைத்திருக்கிறான். பெப்போடு மோதவிட வேண்டும் என்பது அவன் ஆசை. மோதவிட ஓர் எண்ணாவது வேண்டுமே.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். எத்தனை கிலோ இருந்திருப்பார் என்று கேட்டேன்.

"எடையா? எடையெல்லாம் எவன்டா சொன்னான்? அடிய பத்தி கேளு, சொல்றேன்."

சண்டை எழுதப்படாதபோது தோற்கிறவரும் கிடையாது, எழுதியவரின் சார்பும் கிடையாது, சரிபார்க்க வழியும் கிடையாது. இதைச் சுதந்திரம் என்று கொண்டாடுகிற கோட்பாட்டாளர்கள் உண்டு. எனக்கு அது முடியவில்லை. அந்தக் காலிக் கட்டங்களுக்கு ஒரு சாதி இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தறிக்கூடத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். யார் யாரை எங்கே எப்படி அடித்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகத் திட்டம். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்: யார் சொன்னது.