டயரில் படியும் பழுப்பு: அழுக்கா, மருந்தா?

பழைய அம்பாசிடர் கார். அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் அதைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருப்பவர்கள் உண்டு. வாரந்தோறும் கழுவித் துடைக்கிறார்கள். கார் பளபளக்கிறது. டயரின் பக்கவாட்டில் மட்டும் துருப்பிடித்ததுபோல் ஒரு பழுப்பு நிறம்! தேய்த்தால் போகிறது. சில வாரங்களில் மறுபடியும் வந்துவிடுகிறது.

இது என்ன மாயம்?

மாயமும் இல்லை, தெருப் புழுதியும் இல்லை. டயருக்குள் இருந்தே அது வருகிறது. காற்றில் ஓசோன் என்ற வாயு மிகச் சிறிய அளவில் இருக்கிறது. ரப்பருக்கு அது எமன். ரப்பரை வெடிக்கச் செய்துவிடும். அதனால் டயர் செய்யும்போதே ஒரு மருந்தைக் கலக்கிறார்கள். அது சிறிது சிறிதாக மேலே கசிந்து வந்து, ஓசோனின் தாக்குதலைத் தான் ஏற்றுக்கொள்கிறது. அப்படி உழைத்து முடித்த மருந்துதான் பழுப்பாகப் படிகிறது.

ஆகவே பழுப்பைக் கண்டதும் பெட்ரோல், மண்ணெண்ணெயைத் தேடி ஓடவேண்டாம். அவற்றில் ரப்பர் ஊறிக் கெடும். சோப்புத் தண்ணீரும் ஒரு பிரஷும் போதும். கம்பி பிரஷ் கூடாது. காரை நிழலில் நிறுத்தி, டயர் சூடு ஆறிய பிறகு, தண்ணீர் அடித்து மணலைப் போக்கிவிட்டுத் தேய்க்கவேண்டும். முதலில் நுரை பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை தேய்த்துக் கழுவினால் சரி.

வெள்ளை டயர்

ஆதியில் டயர் கறுப்பாகவே இல்லை. வெளுத்த நிறந்தான்! புகைக்கரியைக் கலந்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. சில காலம் தரையில் படும் பகுதிக்கு மட்டும் கரி சேர்த்தார்கள். பக்கம் வெள்ளையாகவே இருந்தது. பிற்பாடு அதுவே நாகரிகமாகி, 1950-களில் அமெரிக்கக் கார்கள் அகன்ற வெள்ளைப் பட்டை போட்ட டயர்களுடன் பவனி வந்தன.

அந்த வெள்ளை மஞ்சளாவதுதான் தலைவலி. கறுப்பு ரப்பரிலுள்ள எண்ணெயும் மருந்தும் வெள்ளைக்குள் ஊறிவிடுகின்றன. சோப்புக்கு அசையாத கறையை, மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து இலேசாகத் தேய்த்து எடுக்கலாம். வெள்ளை ரப்பர் மெல்லிய அடுக்குத்தான். அழுத்தினால் அடியிலுள்ள கறுப்பு எட்டிப் பார்க்கும். அப்புறம் அழுதாலும் வெள்ளை திரும்பாது!

வெடிப்பு உண்டா?

கறை போனதும் பக்கவாட்டை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். பழைய கார் அதிகம் ஓடுவதில்லை. பட்டன் தேயாமல் டயர் புதுசு போலவே இருக்கும். ஆனால் ஓடாமல் நிற்கும் டயரில் மருந்து சரியாக மேலே வராது; வெடிப்பு விடும். அதன்மேல் கறுப்புப் பாலிஷ் பூசினால் வெடிப்பு மறையுமே தவிர, போகாது. வேகமாகப் போகும்போது அந்த டயர் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

டயரின் வயதையும் பார்க்கலாம். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2419 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டு கடந்த டயரை, பட்டன் இருந்தாலும் மாற்றிவிடச் சொல்கின்றன பல டயர் கம்பெனிகள். ஸ்டெப்னி டயருக்கும் இதே கணக்குத்தான்.