உங்களுக்குத் தெரியுமா? கிருமிக்கும் ஒரு வைரஸ் உண்டு!

பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ்தான் ‘பாக்டீரியோபேஜ்’, சுருக்கமாக, பேஜ். 1919-ல் பிரான்சில் கோழிகளை டைஃபாய்டு வாட்டியபோது, ஃபெலிக்ஸ் டெரெல் என்ற விஞ்ஞானி கோழி எச்சத்திலிருந்தே பேஜைப் பிரித்தெடுத்து மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். நல்ல பலன் தெரிந்தது.

ஆன்டிபயாடிக் வந்ததும் மேலை நாடுகள் இதை மறந்தே போயின.

1982-ல் இங்கிலாந்தின் ஆய்வாளர்கள் வில்லியம்ஸ் ஸ்மித்தும் ஹக்கின்ஸும் இதை மீண்டும் தூசு தட்டினார்கள். ஈ.கோலை பாக்டீரியா தொற்றிய சுண்டெலிகளுக்குப் போட்ட ஒரே ஒரு பேஜ் ஊசி, பலமுறை போட்ட டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின் ஊசிகளை விஞ்சியது!

அந்தப் பேஜ் பற்றிக்கொள்வது கிருமியின் மேலுறையை. தப்பிப்பதற்காக உறையை உதறிய கிருமிகளுக்கோ நோய் உண்டாக்கும் வீரியமே குறைந்துபோனது. அடுத்த ஆண்டு கன்று, பன்றிக்குட்டி, செம்மறிக்குட்டிகளின் கழிச்சலுக்கும் பேஜ் கொடுத்து அவர்கள் வெற்றி கண்டார்கள்.