பழுவேட்டரையர்களின் இரட்டைக் கோவில்

"பொன்னியின் செல்வன்" கதையில் வரும் பழுவேட்டரையர்களை மறக்க முடியுமா? 1950 முதல் 1954 வரை "கல்கி" பத்திரிகையில் வெளிவந்த கதை அது. அதைப் படித்த பலரின் மனதில், பழுவேட்டரையர்கள் என்றால் அரியணைக்காகச் சதி செய்தவர்கள் என்ற எண்ணமே பதிந்துவிட்டது.

ஆனால் பழுவேட்டரையர்கள் என்ற சிற்றரசர்கள் உண்மையிலேயே வாழ்ந்தவர்கள். அவர்களது ஊர் இன்றும் இருக்கிறது. அவர்களது கோவிலும் இருக்கிறது.

மூன்று ஊர்கள்

கல்லங்குறிச்சி பெருமாளைச் சேவிக்க அரியலூர் வருகிறவர்கள், அங்கிருந்து தெற்கே திருவையாறு சாலையில் சென்றால் கீழப்பழுவூரை அடையலாம். அதை அடுத்து மேலப்பழுவூரும் கீழையூரும் உள்ளன. இந்த மூன்று ஊர்களும் சேர்ந்ததுதான் பழைய பழுவூர்.

கீழையூரில் ஒரே வளாகத்தில் இரண்டு சிவன் கோவில்கள் இருக்கின்றன. வடக்கே இருப்பது சோழீசுவரம். தெற்கே இருப்பது அகத்தீசுவரம். இரண்டுக்கும் சேர்த்துக் கல்வெட்டில் வழங்கும் பெயர் "அவனி கந்தர்ப்ப ஈசுவர கிருகம்".

ஆதித்த சோழன் (871–907) காலத்துக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. அப்படியானால் கோவிலின் வயது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல்! பிரான்சு நாட்டில் கிராமந்தோறும் கல்லால் மாதா கோவில்கள் எழும்பியது 11, 12-ம் நூற்றாண்டுகளில்தான். அதற்கு முன்பே நம் சிற்பிகள் இந்தச் சிற்றூரில் உளி பிடித்துவிட்டார்கள்.

சிங்கம் தாங்கும் தூண்

இரண்டு கோவில்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒன்றின் சிகரம் சதுரம். மற்றொன்றின் சிகரம் வட்டம். அகத்தீசுவரத்தின் முன் மண்டபத்தில் சிங்கங்கள் உட்கார்ந்து தூண்களைத் தாங்குகின்றன. சிங்கத் தூண் பல்லவர்கள் விரும்பிய வேலைப்பாடு. பல்லவர் கலை சோழர் கலையாக மாறிய காலத்தை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

பழுவேட்டரையர்கள் சேர நாட்டு மரபினர். முதல் பராந்தக சோழன் பழுவேட்டரையர் மகளை மணந்தான் என்று அன்பில் செப்பேடு கூறுகிறது. அவளுக்குப் பிறந்தவனே அரிஞ்சயன். அரிஞ்சயனின் பேரன்தான் முதல் இராசராசன்! அதாவது, பெரிய கோவில் கட்டியவனின் உடம்பில் பழுவூர் ரத்தமும் ஓடியது.

பாண்டியனும் இலங்கை அரசனும் சேர்ந்து வந்தபோது, வேளூர்ப் போரில் கண்டன் அமுதனார் என்ற பழுவேட்டரையர் சோழன் பக்கம் நின்று போரிட்டார். இதையும் பழுவூர்க் கல்வெட்டுதான் சொல்கிறது.

சாகாத ஆடுகள்

அந்தக் காலத்தில் கோவிலுக்கு நந்தா விளக்கு வைப்பதற்காக ஆடுகளைத் தானம் கொடுப்பார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் கோவிலுக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டிகள் அதன் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையவே கூடாது. அதனால் அவற்றுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள்!

முதல் இராசேந்திரன் காலத்துக்குப் பிறகு பழுவேட்டரையர் பெயர் கல்வெட்டுகளில் மறைந்துபோகிறது. அவர்களது அரண்மனை இன்று இல்லை. கோவில் நிற்கிறது.

கதையைப் படித்தவர்கள் இந்தக் கல்லையும் ஒருமுறை படிக்கலாம். சதிகாரர்கள் என்று நாம் நினைத்தவர்கள், சோழர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள், துணை நின்று போரிட்டவர்கள் என்பது அப்போது தெரியும்.