துணிப்பையும் தூக்குவாளியும்



தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, நம் பங்கு இளைஞர்கள் சிலரோடு மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய சிறிய உணவகம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். தாவர உணவு மட்டுமே பரிமாறும் இடம் அது. பக்கத்திலேயே 'கழிவில்லாக் கடை' ஒன்றும் இருந்தது. இரண்டுமே நம்மில் பலருக்குப் புதியவை. ஆகவே அவற்றைப் பற்றிச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தாவர உணவு என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சைவம் அல்ல. இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவையும் இதில் விலக்கப்படுகின்றன. இதைக் குறிக்கும் 'வீகன்' என்ற சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உருவானது. எங்களுக்குக் கொடுத்த காபியில் தேங்காய்ப் பால் கலந்திருந்தார்கள். (உண்மையைச் சொன்னால், இரண்டாவது தம்ளர் கேட்க மனம் வரவில்லை.) ஆனால் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை நம் வீட்டு அடையேதான்.

மீனவக் குடும்பத்து இளைஞர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ஃபாதர், இங்க மீனே கூடாதுன்னா, எங்கப்பா செய்யற தொழில் தப்பா?"

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதருக்கு உணவாகத் தருபவை செடிகளும் கனிகளுமே (1:29). வெள்ளப்பெருக்குக்குப் பின்னரே உயிரினங்களும் உணவாகத் தரப்படுகின்றன (9:3). உயிர்த்த ஆண்டவரோ திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பில் மீன் சுட்டு, சீடர்களை உண்ண அழைத்தார் (யோவான் 21). நம் சுத்தபோசன நாள்களிலும் மீனுக்குத் தடையில்லை. ஆகவே அந்தத் தந்தையின் தொழிலில் தவறு எதுவும் இல்லை என்றோம். தவறு வேறிடத்தில் இருக்கிறது. அவர் வலையில் மீனோடு பிளாஸ்டிக் பைகளும் ஏறிவருகின்றன. மிதக்கும் பையைச் சொறிமீன் என்று எண்ணிக் கடலாமைகள் விழுங்குகின்றன. அந்தப் பைகள் கரையிலிருந்து, நம் கைகளிலிருந்து போனவை.

கழிவில்லாக் கடையில் அரிசி, பருப்பு, சிறுதானியம் எல்லாம் பெரிய கண்ணாடிச் சாடிகளில் இருந்தன. நாம் கொண்டுபோகும் பையிலோ டப்பாவிலோ அளந்து போடுகிறார்கள். சீயக்காய், பீர்க்கங்கூடு, மூங்கில் பல்துலக்கி ஆகியவையும் உண்டு. ஜெர்மனியின் பெர்லின் நகரில் இத்தகைய கடை ஒன்று 2014இல் திறக்கப்பட்டபோது உலகமே அதைப் பேசியது. நமக்கோ இதில் வியப்பில்லை. கூரையில் தொங்கும் நூல் உருண்டை, செய்தித்தாள் பொட்டலம், படி, ஆழாக்கு, எண்ணெய்க்கு வீட்டிலிருந்து கொண்டுபோகும் சீசா என்று நம் சிறுவயது மளிகைக்கடை முழுவதும் அதுதானே! வேறுபாடு விலைச்சீட்டில் இருந்தது. அந்தச் சீயக்காயை நம் பங்கு மக்களில் எத்தனை பேரால் வாங்க முடியும்?

ஆனால் திரும்பி வரும் வழியில் ஒரு நியாயவிலைக் கடையைக் கடந்தோம். பெண்கள் வெயிலில் துணிப்பையோடு வரிசையில் நின்றார்கள். அரிசியும் சர்க்கரையும் நேரே பையில் விழுகின்றன. பாமாயில் மட்டுமே பாக்கெட்டில். நம் ஏழைக் குடும்பங்கள் மாதந்தோறும் போய்வருவது கழிவு குறைந்த கடைக்குத்தான். யாரும் அதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை.

வெட்கப்பட வேண்டியது நம் திருவிழாவைப் பார்த்துத்தான். தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், பந்தி மேசையில் விரிக்கும் தாள், பிளாஸ்டிக் கொடி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. சென்ற ஆண்டு தேர்ப்பவனியன்று இந்த நான்கும் நம் வளாகத்தில் இருந்தன. அசனத்துக்கு மறுநாள் காலை காற்று அவற்றைக் கடல் பக்கம் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதையும் தேவைக்கு மட்டும் சமைப்பதையும் அதில் அவர் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார் (எண் 211). அதை மறையுரையில் விளக்கியதும் நாம்தான், காகிதக் கப்புக்குப் பணம் கொடுத்ததும் நாம்தான்.

பெரிய வெள்ளிக் கஞ்சியை மட்டும் நாம் இன்னும் கெடுத்துவிடவில்லை. அரிசி, பயறு, தேங்காய், துவையல் என்று முழுக்கத் தாவர உணவு அது. மூதாட்டிகள் இன்றும் தூக்குவாளியோடுதான் வருகிறார்கள்.

வரும் திருவிழாவுக்கு எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வாங்கலாம் என்று பங்குப் பேரவையில் பேசினோம். "வாங்கறது சரி ஃபாதர், கழுவறது யாரு? நாங்கதானே?" என்று ஒரு தாய் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. ஒருவழியாக, அன்பியங்கள் முறை வைத்துக் கழுவுவது என்றும், ஆண்களே முதல் முறையை எடுப்பது என்றும் முடிவாகியுள்ளது. தம்ளர் வாங்கும் வரை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். பெயர் பொறித்த தம்ளராக இருந்தால் நல்லது. பெரிய வெள்ளியன்று விட்டுப்போன பதினொன்று இன்னும் பங்கு அலுவலகத்தில் இருக்கின்றன.